காற்கூறும் களரியும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் உடன்பயிலும் மரபு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் பாடங்கேட்கும் முறையினைக் கூறுமிடத்து ஒரு கணக்கினை முன்வைக்கின்றது. ஆசிரியன் உரைத்ததனை மாணாக்கன் ஒன்றும் விடாது உட்கொண்டானாயினும் அவன் பெற்றது நாலில் ஒரு பங்கேயாம். தன்னோடொத்த கல்வியாளருடன் கூடிப் பயிலுங்கால் இன்னொரு பங்கு வந்து சேரும். எஞ்சிய இரு பங்கும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைவரும். இக்கணக்கினைக் கல்வியின் படிமுறையாக மட்டும் கொண்டு விளக்கஞ் செய்தல் வழக்கமாகும். ஆயின் இதனுள் வேறொரு கருத்தும் தொக்கு நிற்கின்றது. ஆசிரியன் உரைத்ததை முழுதும் உட்கொண்ட மாணாக்கன், தன் கையிலிருப்பது காற்கூறு என்பதனை எவ்வாறு அறிவான்? முழுதும் கேட்டவனுக்கு முழுதும் அறிந்ததாகத் தோன்றுதல் இயல்பு. மற்றொருவனுடன் அமர்ந்து பயிலும்போதே, அவன் வினாவும் வினாவுக்கு விடை வராது நிற்கும்போதே, எஞ்சிய முக்காற்கூறும் இல்லையென்பது தெரிய வருகின்றது. எனவே உடன்கற்போர், அறிவினை மிகுவிப்பவராக இருப்பதோடு, ஒருவன் தன் அறிவின் அளவைத் தானே மதிப்பிடுதற்கு உதவும் அளவுகோலாகவும் உள்ளனர்.

அளவுகோல் என்றவுடன் அது செம்மையானதாகவே இருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. உடன்கற்போர் ஒருவனது அறியாமையை அவனுக்குக் காட்டுவதுமுண்டு. அதனை அவனிடமிருந்து மறைத்து விடுவதுமுண்டு. இவ்விரண்டும் எச்சூழலில் எவ்வாறு நிகழ்கின்றன என்பதனை ஆராய்தற்கு மட்டக்களப்பு வாவியின் இரு கரையும் நல்லதோர் களமாகும். திண்ணைப்பள்ளி, மிஷன் பள்ளி, கூத்துக்களரி, மத்திய கல்லூரி, பல்கலைக்கழகம் என்னும் இவை யாவும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலத்துள் இச்சிறு நிலப்பரப்பில் ஒன்றையொன்று அடுத்தும் ஒன்றோடொன்று கலந்தும் வாழ்ந்துள்ளன. இவை ஒவ்வொன்றும் உடன்கற்போருக்கு வெவ்வேறு இடத்தினை அளித்தன.

கடற்பக்கமாக அமைந்த எழுவான்கரையும், வயலும் காடும் சார்ந்த படுவான்கரையும் வாவியால் பிரிக்கப்பட்டவை. புதிய கல்விநிலையங்கள் பெரும்பாலும் புளியந்தீவினையும் எழுவான்கரையின் ஊர்களையும் சார்ந்தே எழுந்தன. படுவான்கரைச் சிற்றூர்களில் நெடுங்காலம் ஏடும் மணலுமே கல்விக் கருவிகளாக இருந்தன. கோயில்களிற் புராணம் படிக்கையில் ஒருவர் பாட்டினை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வார். வைகாசித் திங்களில் கண்ணகி கோயில்களிலே வழக்குரை பாடப்படும்போது அதனைச் செவிவழி நன்கறிந்த முதியோர் சுற்றியிருந்து கேட்பர். இத்தகைய அவையிலே பிழைபடப் படித்தவர் தம் பிழையினை அறியாது எழுந்து செல்லுதல் அரிது. எழுத்தறிவில்லாதாரும் பிறர் வாசிப்பைச் செப்பஞ் செய்யத் தக்கவராக இருந்தமை இம்மரபின் தனித்தன்மை எனலாம்.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கிய திண்ணைப்பள்ளிகளின் பொதுவியல்பு யாவரும் அறிந்ததே. பல அகவையினரான பிள்ளைகள் ஓரிடத்தில் இருப்பர், ஆசிரியர் ஒருவரே. தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று ஏனையோருக்கு முறை சொல்லிக் கொடுப்பான். அவன் ஒருவன் சொல்லப் பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுதல் நெடுங்கணக்கு முதல் எண்சுவடி வரை பாடமாக்கும் வழியாகும். இக்கூட்டொலியின் பயன் பெரிது. நினைவுக்கு வராத அடியினை அருகிலிருப்பவன் குரல் இழுத்துக் கொண்டு வந்து தரும். அஞ்சிய பிள்ளையும் அஞ்சாது வாய்திறப்பான். ஆயினும் அதன் தீங்கும் அவ்வளவினதே. பிறர் குரலின்மேல் ஏறிச் செல்பவன் தானே நடப்பதாக எண்ணிக் கொள்கின்றான். வாய்ப்பாட்டினைக் கூட்டத்தோடு தடையின்றிச் சொன்ன பிள்ளை, தனியே எழுப்பிக் கேட்டவிடத்து ஏழேழைக் கூறமாட்டாது விழித்தல் இன்றைய வகுப்பறையிலும் காணக்கூடியதே. திண்ணைப்பள்ளி இதனை அறியாதிருக்கவில்லை. சட்டாம்பிள்ளை ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒப்புவிக்கச் செய்யும் வழக்கம் கூட்டொலியின் மயக்கத்தை நீக்கும் மருந்தாக அமைந்தது. பாடங்கேட்ட சட்டாம்பிள்ளையே அதனாற் பெரும்பயன் பெற்றான் என்பதனை நன்னூற் கணக்கே கூறிவிடும்.

இம்முறை கடல் கடந்து சென்று வேறு கோலத்துடன் மீண்டு வந்த வரலாறு சுவையானது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் கல்விப் பொறுப்பினை 1789ஆம் ஆண்டில் ஏற்ற அன்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அயலிலுள்ள நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதனைச் செய்விக்க முயன்றபோது உதவியாசிரியர்கள் இசையவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அரிவரி வகுப்பினை ஒப்படைத்தார், அது வெற்றியளித்தது. இங்கிலாந்து மீண்ட பெல் 1797இல் இம்முயற்சி பற்றிய நூலினை வெளியிட்டார். யோசேப்பு லங்காஸ்ரர் என்பாரும் இதனையொத்த முறையினை லண்டனில் நடத்த, இருவருள் முந்தியவர் யாரென்ற பூசலும் மூண்டது. தமிழ்ப் பிள்ளைகளின் மணற்பலகையைப் பற்றி அப்பூசலில் அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அம்முறைக்குச் ‘சென்னை முறை’ என்ற பெயர் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது உலகின் பல பகுதிகளுக்கும் பரவிற்று.

திண்ணையிலிருந்து எடுத்துச் சென்றதனுடன் பெல் சேர்த்த ஒன்று கவனித்தற்குரியது. அவரது வகுப்பிலே மாணவர் வரிசையாக நிற்பர். விடை தவறியவனைத் திருத்தியவன் அவனுக்கு மேலிடத்துக்கு ஏறுவான், தவறியவன் இறங்குவான். லங்காஸ்ரரின் பள்ளியில் இலக்கமிட்ட அட்டைகளும் பரிசுச் சீட்டுகளும் இருந்தன. திண்ணைப்பள்ளியிலும் போட்டி இருந்ததுண்டு. காலையில் முந்தி வருபவனுக்குச் சிறப்பும் பிந்தி வருபவனுக்குப் பிரம்படியும் கிடைத்தன. ஆயின் அது வருகையின் வரிசை. அறிவின் வரிசையினை நாழிகைதோறும் உடம்பின் நிலையாலேயே காட்டிய பெருமை சென்னை முறைக்கே உரியது. ஒருவன் தனக்கு எவ்வளவு விளங்கிற்று என்று அறிய வேண்டின் இனித் தன்னுள் நோக்க வேண்டியதில்லை. தனக்கு முன்னே எத்தனை பேர் நிற்கின்றனர் என எண்ணினாற் போதும்.

1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் சபையின் முதல் மிஷனரிமார் இலங்கையிற் கால்வைத்தபோது அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். 1815 ஏப்ரலில் அவர் நோயுற்று மறைந்தார். ஓராண்டு நிறையாத அக்காலத்துள் அவர் தொடங்கிய பள்ளிப்பணியின் வழிவந்ததாகவே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தினை அவ்வாண்டிற்கு உரியதாகக் கொள்கின்றது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரியின் தொடக்கம் நிகழ்ந்தது. அக்காலத்து ஆங்கிலேய மிஷன் பள்ளிகள் பலவும் சட்டாம்பிள்ளை முறையினையும் வகுப்பு வரிசையினையும் தழுவியவை. இவ்வாறாகத் தமிழகத்து மணலிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பழக்கம், லண்டன் மாநகரைச் சுற்றி, வரிசை இலக்கத்துடன் தமிழ்ப் பிள்ளைகளிடமே மீண்டது.

1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடைபெறத் தொடங்கியமை இன்னொரு திருப்பமாகும். விடைத்தாள் கப்பலேறிச் செல்லும். பெறுபேறு மாதங்கள் கழித்து வரும். மாணவனது அறிவினை அளப்பவர் அவன் முகத்தை அறியார்; அவனோடு ஒப்பிடப்படுபவரை அவனும் அறியான். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக்கல்வி பெற்ற மயில்வாகனனார், பின்னாளில் சுவாமி விபுலானந்தர், 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விலும், 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்விலும், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். மூன்றும் தொலைவிடத்தார் நடத்திய தேர்வுகள் என்பது நோக்கற்பாலது. இத்தகைய தேர்வுகளில் மூன்றிலும் வென்றவர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தினை நிறுவியபோது மாணவர் விடுதி வாழ்வுக்குச் சிறப்பிடம் அளித்தமை வியப்புக்குரியதன்று. தனித்துக் கற்றவருக்கே உடன்கற்போரின் அருமை நன்கு தெரியும் போலும். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தார். யாழ்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.

பள்ளிக்கூடங்கள் இவ்வாறு வரிசைக்கும் தேர்வுக்கும் உரியனவாக மாறிவந்த அதே காலத்தில், அவற்றின் சுவர்களுக்கு வெளியே மற்றொரு கல்விநிலையம் தன் வழியில் இயங்கிக் கொண்டிருந்தது. அதுவே கூத்துக்களரி. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பற்றிக் கலையியல் நோக்கில் நிறைய எழுதப்பட்டுள்ளது. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது, பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராசிரியர் சி. மௌனகுரு ஆகியோரின் ஆய்வுகள் கூத்தின் அமைப்பினை விரிவாக எடுத்துரைத்தன. ஆயினும் கூத்துப் பழகுதலை ஒரு கல்விமுறையாக நோக்கும் முயற்சி போதிய அளவு நிகழவில்லை. கற்பிப்பவருக்கு வழங்கும் ‘அண்ணாவியார்’ என்னும் பெயரே திண்ணைப்பள்ளி ஆசிரியரையும் குறித்த பழம்பெயராக இருத்தல் இத்தொடர்பினை உணர்த்தப் போதுமானது.

கூத்துப் பழகுதல் ஒரு நாளில் முடிவதன்று. ஊரவர் கூடி இன்ன கூத்து ஆடுவதெனத் தீர்மானித்து அண்ணாவியாரை அழைப்பர். குரலும் உடல்வாகும் நோக்கி அவர் பாத்திரங்களைப் பகிர்வார். நல்லதொரு நாளிலே ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டும் வசனமும் கையளிக்கப்படும். இது சட்டங்கொடுத்தல் எனப்படும். அதன்பின் வயல்வேலை முடிந்த இரவுகளில், மாதக்கணக்காக, வட்டக்களரியிலே பயிற்சி நடைபெறும். அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார், சல்லரி ஒலிக்கும், ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஆட்டத்துக்குரிய தாளக்கட்டு முதலிற் காலில் ஏற வேண்டும். பாட்டு அதன்மேல் வரும். ஒருவர் பாடியதனை ஏனையோர் பிற்பாட்டாக ஏற்றுப் பாடுவர்.

இப்பிற்பாட்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரசனாக வருபவன் மந்திரியின் பாட்டினையும், மந்திரியாக வருபவன் அரசனின் பாட்டினையும் இரவுதோறும் பாடுவதால் கூத்தர் ஒவ்வொருவருக்கும் கூத்து முழுவதும் பாடமாகி விடுகின்றது. ஒருவன் அடி தவறினால் அதனை உணர்பவர் அண்ணாவியார் மட்டுமல்லர். வட்டத்தில் நிற்கும் அனைவருமே உணர்வர். ஆயின் திண்ணைப்பள்ளியின் கூட்டொலிக்குள்ள அதே இடர் இங்கும் உண்டு. பலர் குரலில் தன் குரல் கரைந்திருக்கும்போது தனக்குத் தெரிந்ததும் பிறருக்குத் தெரிந்ததும் வேறுபடுவதில்லை. தாளம் தப்பிய காலை அருகிலிருப்பவன் கால் திருத்திக் கொண்டே போகும். திருத்தப்பட்டது தெரியாமலே அவன் திருந்தியதாக எண்ணுவான்.

கூத்து மரபு இவ்விடரைக் களைந்த வழி மிக நுட்பமானது. முதலாவது, வரவு. ஒவ்வொரு பாத்திரமும் களரிக்குள் நுழையும்போது தனக்கேயுரிய வரவாட்டத்தினை ஆடியாக வேண்டும். மத்தளம் அவன் ஒருவனது கால்களையே நோக்கி முழங்கும். ஒளிந்துகொள்ளப் பிறர் காலில்லை. பிற்பாட்டு அவனைத் தாங்கும், ஆயின் தொடங்க வேண்டியவன் அவனே. கூட்டத்துக்குள் இருந்துகொண்டே தனியனாக நிற்கும் இந்நிலை ஓரிரவிற் பலமுறை வந்து வந்து போகும். இரண்டாவது, பயிற்சியை ஊரின் முன் படிப்படியாகத் திறந்து வைக்கும் ஒழுங்கு. தாளக்கட்டும் பாட்டும் ஓரளவு படிந்தபின் சதங்கை அணிதல் நடைபெறும். அது சடங்காகவும் பெற்றோர் சுற்றத்தார் கூடும் விழாவாகவும் அமைவது. அதற்குப்பின் கிழமைக்கு ஒரு நாள் கூத்தினை ஊரவர் காண ஆடுவர். கிழமைக் கூத்து என்பது அதன் பெயர். உடையலங்காரம் இல்லை, முடி இல்லை. ஆட்டமும் பாட்டும் மட்டுமே. காண வருவோருள் முன்னைய ஆண்டுகளில் அதே பாத்திரத்தை ஆடியோர் இருப்பர். அயலூர்க் கூத்தரும் இருப்பர். குறைகள் வெளிப்படையாகவே சொல்லப்படும். சொல்லப்பட்டதைத் திருத்துவதற்கு அடுத்த கிழமை வரை காலமுண்டு. பின்னர் முழுக்கூத்தையும் ஒழுங்குபடுத்திப் பார்க்கும் நிகழ்வும், இறுதியில் விடியவிடிய அரங்கேற்றமும் நிகழும்.

கிழமைக் கூத்தின் சிறப்பு இங்கேயே உள்ளது. தீர்ப்பு வருகின்றது, ஆனால் அது இறுதித் தீர்ப்பன்று. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த பெறுபேறு, தவறு எங்கே நிகழ்ந்தது என்று கூறாமல் தவறியவன் என்று மட்டும் கூறிற்று. கிழமைக் கூத்தில் எழுந்த குறை, இன்ன பாட்டில் இன்ன அடியில் தாளம் தீரவில்லை எனக் குறித்துச் சொல்லிற்று. ஆடியவனும் அதனைத் தன் காலிலேயே உணர்ந்தான். மேலும் குறை சொன்னவரும் முன்னொருநாள் அக்களரியில் தடுமாறியவரே. ஆதலால் அச்சொல்லில் வெட்கம் இருந்தபோதும் இழிவு குறைவாக இருந்தது. இதனைக் கூறுமிடத்து மரபினைப் பொன்முலாம் பூசிக் காட்டுதல் கூடாது. களரியில் யார் எப்பாத்திரம் ஏற்பது என்பதில் ஊரின் சாதி, குடி, செல்வாக்கு ஆகியவை தலையிட்டதுண்டு. பெண்கள் களரிக்கு வெளியே நின்றனர். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பாட்டினைப் பிழையின்றிப் பாடியவன் அதன் பொருளினையும் அறிந்திருந்தானா என்னும் வினா களரியில் எழுந்தமை அரிது. தாளமும் அடியும் அளக்கப்பட்ட அளவுக்குப் பொருள் அளக்கப்படவில்லை என்பது உண்மையே.

பல்கலைக்கழகமும் களரியும் சந்தித்த காலம் 1960களாகும். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ என்னும் வடமோடிக் கூத்தினை 1962இல் மேடையேற்றினார். வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் மாணவருக்குக் கூத்துப் பழக்கினார். தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியன வந்தன. நூலகத்திலே நாடக வரலாறு படித்த மாணவர் ஏடு பார்த்துப் பாடிய அண்ணாவியாரின் முன் அரிவரி மாணவராயினர். கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடிய மௌனகுரு மட்டக்களப்பைச் சேர்ந்தவர். ஏனையோருட் பலருக்கு இது முற்றிலும் புதிய மொழி. படிப்பறிந்தமையும் ஆடத் தெரிந்தமையும் வேறென்பதனை அவர்களுக்கு உணர்த்த விரிவுரை எதுவும் தேவைப்பட்டிராது. உடன் நின்ற மாணவனது கால் தாளத்தில் விழத் தன் கால் விழாதிருந்தமையே போதுமானது.

இனி, பள்ளிக்கல்வியின் பிற்காலப் போக்கினை நோக்குதல் வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களில் எழுந்ததும், புலமைப்பரிசில் வழியே கிராமப் பிள்ளைகள் அவற்றுட் புகுந்ததும் மட்டக்களப்பின் சமூக வரலாற்றிற் பெரும் மாற்றங்கள். வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவற்றுள் ஒன்று. படுவான்கரைச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்பு வரை முதலாம் பிள்ளையாக இருந்த ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். பரிசில் பெற்றுப் பெரிய கல்லூரிக்கு வருகின்றான். அங்குள்ளோர் அனைவரும் தத்தம் ஊரில் முதலாம் பிள்ளைகளே. ஒரு தவணைக்குள் அவன் இருபதாம் பிள்ளையாகின்றான். அவனறிந்தது எதுவும் குறையவில்லை. நல்லாசிரியர் வாய்த்தமையாற் கூடியுமிருக்கும். ஆயினும் தனக்குக் கணிதம் வராது என அவன் முடிவு கட்டிவிடுகின்றான். மனிதன் தன் ஆற்றலை அளக்கப் புறத்தே அளவுகோல் கிடையாதபோது தன்னையொத்தாரோடு தன்னை ஒப்பிடுகின்றான் என லியோன் பெஸ்ரிங்கர் 1954இல் கூறினார். ஹேபேட் மார்ஷ் என்னும் அவுஸ்திரேலிய அறிஞரும் அவரது துணையாய்வாளரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஒத்த திறனுடைய மாணவருள் திறன்மிக்கோர் நிறைந்த பள்ளியிற் பயில்வோர் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுவர் எனக் காட்டிற்று. சிறுகுளத்துப் பெருமீன் என அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். மீன்பாடும் வாவிக்கரையிலே இவ்வுவமைக்கு உரை தேவையில்லை.

1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும் 1974இன் மாவட்ட ஒதுக்கீடும் ஒப்பீட்டினை அரசியலாக்கின. அவற்றின் நியாய அநியாயங்கள் வேறிடங்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன; யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அவற்றின் விளைவு ஒரே தன்மையதாக இருக்கவில்லை என்பதை மட்டும் ஈண்டுக் குறிப்பிடலாம். 2001ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி அடிப்படையாக்கப்பட்டது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறும் எண் அது. வெவ்வேறு பாடங்களை ஒரே தராசில் நிறுத்தற்கு அம்முறை ஏற்றதென்பதில் ஐயமில்லை. ஆயினும் பெல்லின் வரிசை அங்கே தன் முழுமையினை அடைந்துவிட்டது. மாணவன் கையிற் கிடைக்கும் எண், அவன் பௌதிகத்தில் எதனை அறிவான் எதனை அறியான் என்பது பற்றி யாதும் உரைப்பதில்லை; முகமறியாத பல்லாயிரவரிலிருந்து அவன் எவ்வளவு தள்ளி நிற்கின்றான் என்று மட்டுமே உரைக்கின்றது. உடன்கற்போர் அனைவரும் அவ்வெண்ணுக்குள் இருக்கின்றனர். ஒருவராவது அவனிடம் வினாவ இயலாது.

இதற்கு ஆயத்தம் செய்யும் தனியார் கல்வி நிலையங்களின் நெரிசலான மண்டபங்களிலோ திண்ணைப்பள்ளியின் கூட்டொலி மௌன வடிவில் மீண்டுள்ளது. ஆசிரியர் கரும்பலகையிற் கணக்கினைச் செய்து முடிக்கின்றார், நூறு பேனைகள் ஒருசேர அசைகின்றன, ஒருவரும் கையுயர்த்தவில்லை. அனைவருக்கும் விளங்கிற்று என ஒவ்வொருவரும் கருத, தனக்கும் விளங்கிற்றென ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கின்றனர். அங்கு சட்டாம்பிள்ளையும் இல்லை, வரவும் இல்லை.

கூடிப் பேசினால் மட்டும் இம்மயக்கம் தீர்ந்துவிடுமா எனின், அதுவும் முழுமையான விடையன்று. ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர், 1991 முதல் தம் விரிவுரையை இடையிடையே நிறுத்தி வினாவொன்றை வைத்தார். மாணவர் முதலிலே தனித்துச் சிந்தித்து விடையைக் குறிப்பர். பின்னரே அருகிலிருப்பவருடன் வாதிட்டு மீண்டும் குறிப்பர். இரண்டாம் முறை சரியான விடைகள் பெருகின. விடையறிந்தவனைப் பார்த்து ஏனையோர் மாற்றிக் கொண்டனர் போலும் என ஐயுற்றோருக்கு, குழுவில் ஒருவருமே முன்னர் சரியான விடையை அறியாதிருந்தவிடத்தும் பேச்சின்பின் விளக்கம் கூடியதாக 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு மறுமொழி தந்தது. இதற்கு மாறாக, சிப் ஹீத், றிச் கொன்சாலஸ் என்னும் இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பிறருடன் கலந்து பேசியபின் மக்கள் தம் முடிவு பற்றிக் கொண்ட உறுதி கூடியதேயன்றி முடிவின் தரம் கூடவில்லை எனக் கண்டது. இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. மசூரின் வகுப்பிலே பேச்சுக்கு முன்னே தனித்து நிற்கும் ஒரு கணம் உண்டு; தன் விடையைத் தானே குறித்துவிட்டவன் பின்னர் தன்னை ஏய்த்துக்கொள்ளல் கடினம். வரவாட்டம் செய்ததும் இதுவே. தனித்து நில்லாது கூடிப் பேசுமிடத்து மிஞ்சுவது, யாவரும் ஒத்துக்கொண்டனர் என்ற நிறைவேயாம்.

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையிலே, முன்னர் மத்திய கல்லூரியாக இருந்த வளவிலே தொடங்கிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கல்லடியில் விபுலானந்தர் பெயர்தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் பின்னர் அதனோடிணைந்தது. செல்லையா அண்ணாவியாரின் ஊரிலேயே கூத்து இன்று பல்கலைக்கழகப் பாடமாகியிருக்கின்றது, பெண்களும் ஆடுகின்றனர். புள்ளியோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இடப்படுவது. பிற்பாட்டுப் பாடியவனுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது எந்தப் புள்ளித்திட்டத்துக்கும் எளிதில் அடங்காத வினா. இதற்கு மறுபுறமாக, 2000களின் தொடக்கத்தில் நகரையடுத்த சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலானோர் ஊரவருடன் இணைந்து கூத்தினை மீளுருவாக்கும் பணியில் இறங்கினர். அண்ணாவியாரும் கூத்தரும் இளைஞரும் கூடி அமர்ந்து, தலைமுறைகளாகப் பாடிவந்த பாட்டுகளின் பொருளையும், பெண் பாத்திரங்கள் அவற்றிற் காட்டப்பட்ட விதத்தையும் பற்றி உரையாடினர். தாளத்தை மட்டுமே அளந்துவந்த களரியில் பொருளும் அளக்கப்பட்ட இடம் அது. அவ்வுரையாடலின்பின் எழுந்த புதிய பாட்டுகளையும் கூத்தர் வழமைபோலவே வட்டமாக நின்று, பிற்பாட்டுடன், மத்தளத்துக்கு ஆடிப் பழகினர்.